வலது பக்கம் ஒன்றேகால் அங்குலம்

அந்த நீலப் பட்டு கவுனின் கீழ் ஓரம் வலது பக்கம் ஒன்றேகால் அங்குலம் இறங்கி நின்றது. ஏன் என்று அதைத் தைத்த ஜெனிவீவுக்கே தெரியவில்லை.

அருங்காட்சியகத்தின் பின்னறையில், அந்தக் கவுனை உடுத்திய தலையில்லாத பொம்மைக்கு முன்னால், எண்பத்தொரு வயதில் அவர் முழங்காலிட்டிருந்தார். ஐந்து மணிக்குத் தேர்வுக்குழு வரும். ஓரம் கோணிய உடையைக் கண்காட்சியில் வைக்க மாட்டார்கள். சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் இருபது வருடம் கடை நடத்தி அவர் தைத்தவற்றில் இது ஒன்றுதான் மிச்சம். மற்றவையெல்லாம் வெட்டப்பட்டுப் பிள்ளைகளின் சட்டையாகி, பிறகு கரித்துணியாகிவிட்டன. இதுவும் திரும்பிப் போனால், இப்படி ஒருத்தி இருந்தாள் என்று காட்ட எதுவும் இருக்காது.

"எந்திரிங்க ஆன்ட்டி, முட்டி போயிரும்," என்றாள் பொம்மைகளுக்கு உடுத்திவிடும் ஊழியரான உம்மு சல்மா.

"போனா போகுது. மணி என்ன?"

"மூணே முக்கால்."

முதலில் தரையைச் சந்தேகித்தார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது குமிழி நடுவில் நின்றது. அடுத்து துணி. மூலைவாட்டில் வெட்டிய பட்டு தன் எடையிலேயே நீளும். அதனால்தான் மூன்று நாள் தொங்கவிட்டு, அது இறங்கி முடித்த பிறகே ஓரம் மடிப்பார். அதற்குப் பின்னும் நீண்டிருந்தால் அந்த இடத்தில் இழைகள் விலகியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தார், விலகவில்லை. இடுப்புத் தையலும் விடவில்லை. மிஞ்சியது கத்தரிக்கோல். அதாவது, அவர் கை.

பழைய அளவு நோட்டைத் திறந்தார். 'ருக்கையா, விருந்து கவுன், 1968. இடுப்பிலிருந்து கீழே: இடது 41, வலது 41.' டேப்பை வைத்து கவுனை அளந்தார். இடது நாற்பத்தொன்று. வலது நாற்பத்திரண்டேகால்.

"நான்தான் தப்பா வெட்டியிருக்கேன்." அவர் கையை நீட்டினார். "ஊசி குடு. பிரிச்சு மடிச்சுடறேன்."

"ஐயோ, ஒரு தையல்கூடப் போடக்கூடாது ஆன்ட்டி. ரூல்ஸ் லா. என் வேலை போயிரும்."

"இந்தக் கோணலோடயா அந்தம்மா விருந்துக்குப் போனாங்க? ஒரு வார்த்தை சொல்லலையே!" அவர் பொம்மையின் காலருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "திருப்பி அனுப்பிடு. பேரைப் போட்டு அசிங்கப்படுத்தாதே."

சல்மா பெட்டியைத் துழாவி ஒரு புகைப்படத்தை எடுத்தாள். "அவங்க மக யும்னா கவுனோட அனுப்பினது. இதுல நேராத்தானே இருக்கு?"

ஜெனிவீவ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நாற்காலியைப் பிடித்தபடி ருக்கையா நின்றிருந்தார். இரண்டு செருப்புக்கும் மேலே ஓரம் ஒரே உயரத்தில் இருந்தது. அதே கவுன்தான். அப்படியானால் மாறியது உள்ளே இருக்கும் உடம்பு.

கடையின் உள்ளறை ஞாபகம் வந்தது. தாழ் போட்டுவிட்டு, ருக்கையா ஜெனிவீவின் கையை எடுத்துத் தன் வலது இடுப்பில் வைத்தார். முதுகெலும்பு வளைந்து, அந்த இடுப்பு மேடாகத் தூக்கியிருந்தது. சேலையில் யாருக்கும் தெரியாதது. "நோட்டுல எழுதிராதீங்க. ஒங்க கடைப் பொண்ணுங்க படிப்பாங்க."

எழுதவில்லை. இரண்டு பக்கமும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு, உண்மையான அளவை மனதில் வைத்தே வெட்டினார். அந்தப் பொய்க் கணக்கை இன்று அவரே நம்பிவிட்டார். பொம்மையையும் அதன்படியே செய்திருந்தார்கள்.

"கவுன்லதானே கை வைக்கக் கூடாது? பொம்மையில வைக்கலாம்ல?"

"வைக்கலாம். ஆனா லேபிள்ல என்ன எழுதறது?"

"நீலப் பட்டு, அறுபத்தெட்டுன்னு எழுது. இடுப்பைப் பத்தி மூச்சு விடாதே. பஞ்சு விரிப்பு கொண்டா, சீக்கிரம்!"

கவுனைக் கழற்றி, பொம்மையின் வலது இடுப்பில் பஞ்சு விரிப்பை நான்கு அடுக்காக வைத்துக் கட்டி, மறுபடி உடுத்தினார்கள். கூடுதலாக இருந்த ஒன்றேகால் அங்குலத் துணி அந்த மேட்டின் மேல் ஏறி இறங்குவதில் செலவானது. கீழ் ஓரம் சுற்றிலும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் நின்றது.