நடுவில் எட்டு நம்பர்

அன்று மாலை ஆபீசில் இருந்தவர்கள்: பொறுப்பாளர் சவுரியப்பன், தையல்காரர் கவுஸ் பாஷா, அவர் மகள் ஷகிலா, நான். வாசலில் ஐம்பது அறுபது பேர். பத்தாம் வகுப்பு ரிசல்ட்.

1986. எங்கள் பத்திரிகையின் தருமபுரி ஆபீசுக்கு டெலிபிரிண்டர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மெட்ராசில் தட்டினால் இங்கே தாளில் விழும். இனி காலைப் பேப்பருக்குக் காத்திருக்க வேண்டாம், செய்தி நேராக வாசல் போர்டுக்கு வந்துவிடும் என்று சவுரியப்பன் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்ட எனக்கு அந்த மெஷினில் இரவு ஷிப்ட். ஆறு மணிக்கு உட்கார்ந்தேன்.

பாஸான நம்பர்கள் வரத் தொடங்கின. நடுவில் தாள் நகராமல் நின்றது. சில வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கருப்பாகிவிட்டன. பார்த்தேன். மெட்ராசுக்குப் போன் போட்டுத் திரும்ப அனுப்பச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் மெஷின் சொதப்பிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. கருப்பை விட்டுவிட்டு மற்றதைச் சாக்பீசால் எழுதினேன்.

பாஸானால் ஷகிலாவுக்குப் பிளஸ் ஒன். இல்லையென்றால் மறுநாள் பெங்களூர் பஸ், அத்தை வீட்டில் ஊதுபத்தி உருட்டும் வேலை. கவுஸ் பாஷாவே சற்றுமுன் சொல்லியிருந்தார்.

“என்னுது நாப்பத்தொண்ணுங்க. முப்பத்தெட்டுக்கு அடுத்து நாப்பத்தேழு போட்டிருக்கீங்க. நடுவுல எட்டுப் பேருமா பெயிலு?” என்றாள் ஷகிலா.

“இல்லாத நம்பரை நான் எங்கிருந்து கொண்டாரது?” என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மெஷினுக்கு உன்மேல் என்ன பகை என்று கேட்டு, கவுஸ் பாஷா அவளைக் கூட்டிப் போனார்.

விடியற்காலை சேலம் பஸ்ஸில் பேப்பர் கட்டு வந்தது. எட்டில் ஆறு பேர் பாஸ். நாற்பத்தொன்று இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார்கள்.

கவுஸ் பாஷா நம்பரை விரலால் தடவிப் பார்த்தார். ஓடி வந்து சொன்னதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டார், உட்கார வைத்தார், டீ போடச் சொன்னார். லைன் கோளாறு என்றேன். நம்பினார்.

ஷகிலா டீயைக் கொண்டுவந்தாள். கொடுக்கவில்லை.

“நேத்து அந்தத் தாள்ல எங்க நம்பரெல்லாம் எப்படிங்க இருந்துச்சு?”

“கருப்பா.”

“எழுதறப்பவே பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

கவுஸ் பாஷா பேப்பரை மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

“வூட்டுக்கு வந்து புள்ளைய அடிச்சேங்க” என்றார். பிறகு, “கெளம்புங்க.”

எழுந்து வெளியே வந்தேன். செருப்பை மாட்டுவதற்குள் பின்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள்.