கதவடி ரீப்பர்

சுவரோர இடைவெளிகளையெல்லாம் பீடிங் சட்டம் அடித்து மறைத்தாயிற்று. லேமினேட் தரைக்குக் கதவடியில் ஒட்டும் ரீப்பர்தான் பாக்கி. அந்த மரத்துண்டு துருத்தினால், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பப்போகும் மாமனாரின் வாக்கர் தட்டும். இன்னொரு முறை விழுந்தால் அவர் எழமாட்டார்.

மருமகன் தானே வாக்கரைப் பிடித்து, மாமனாரைப் போலக் கூனி நடந்து பார்த்தான். தட்டியது. ரீப்பரை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி நடந்தான். தட்டாமல் போனது.

"இப்பவே ஒத்திகையா?" என்று சிரித்த மனைவி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனைக் கேட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"அப்பா இனி நடக்கமாட்டாராம். கடைசி நாளுங்க வீட்டுலயே போகட்டும்னு ஸ்ட்ரெச்சர்ல அனுப்புறாங்க. போதும், விடுங்க."

"ஸ்ட்ரெச்சருக்கும் சக்கரம் இருக்கே. சும்மாவே உங்கப்பா என்னை வறுத்தெடுப்பாரு. இதுல தட்டித் தூக்கிப் போட்டா விடுவாரா?"

உப்புத்தாளை மறுபடி எடுத்தான். கண் கலங்கியிருந்ததால், மிச்சமிருக்கும் மேடு எங்கேயென்று விரலால் தடவித்தான் தேட வேண்டியிருந்தது.