மிச்சம் வைக்காத குறைப்பு

ஷூ கம்பெனியில் அவளுக்குப் பெயர் துபாஷி. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மேனேஜர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தொழிலாளர்களுக்குத் தமிழில் சொல்வதும், அவர்கள் முணுமுணுப்பதைக் கொஞ்சம் நயப்படுத்தி அவருக்கு ஆங்கிலத்தில் சொல்வதும்தான் அவள் வேலை. அந்தப் பெயரை வைத்தவர் தோல் வெட்டும் பிரிவில் இருந்த அவளுடைய அக்கா புருஷன். பெருமையாகத்தான் வைத்தார். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்துக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர்தான். ஓவர்டைம் பார்த்துப் பார்த்து அவருடைய வலது கட்டைவிரல் கத்தியின் பிடிக்கு ஏற்றபடி வளைந்தே போயிருந்தது. மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

ஆர்டர்கள் குறைய ஆரம்பித்ததும் மேனேஜரின் பேச்சு மாறியது. முதலில் விற்பனை 'டிப்' ஆகிறது என்றார். பிறகு 'டிக்ளைன்' என்றார், 'ஷ்ரிங்க்' என்றார், உற்பத்தியை 'ஸ்கேல் டவுன்' பண்ணலாம் என்றார். எல்லாவற்றுக்கும் அவள் குறைவு, குறைப்பு என்றே சொல்லிச் சமாளித்தாள். ஒருநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, 'வைண்ட் டவுன்' என்றார். இதுவும் அதுவும் ஒன்றுதானா என்று அவள் கேட்டாள்.

மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதி குடித்துவிட்டு வைத்தார். இது ஸ்கேல் டவுன் என்றார். மீதியையும் ஜன்னலோரச் செடியில் கவிழ்த்துக் காலி பாட்டிலைக் காட்டினார். இது வைண்ட் டவுன்.

ஆனால் வெளியே 'ரெட்யூஸ்' என்று சொன்னால் போதும் என்றார். கடைசி ஆர்டர் போகும்வரை ஆட்கள் கலையக் கூடாது. கதவைத் திறந்துவிட்டபடி, தலைமை அலுவலகத்தில் அவளுக்கு இடம் இருக்கிறது என்றும் சொல்லிவைத்தார்.

அவள் மெஷின்களுக்கு நடுவே நின்று, "வேலையப் படிப்படியா குறைக்கப் போறாங்க" என்றாள். பொய் என்று சொல்ல முடியாது. உப்பைக் குறைத்தாலும் கொஞ்சம் உப்பு இருக்கும், பேச்சைக் குறைத்தாலும் நாலு வார்த்தை மிஞ்சும். குறைப்பு என்றால் மிச்சம் உண்டு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் மாமா சட்டையைக் கூடக் கழற்றாமல் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பை கம்பெனியிலிருந்து அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். உடனே பதில் சொல்ல வேண்டுமாம். அடுப்படியில் அக்கா குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள்.

"நீ சொல்லும்மா. குறைச்சா, நாங்க கொஞ்சப் பேராவது மிஞ்சுவோமா?"

அவர் விலகினால் வெட்டுகிற ஆட்கள் எல்லோரும் பின்னாலேயே போவார்கள். விஷயம் யார் வாயிலிருந்து வந்தது என்று மேனேஜர் கண்டுபிடிக்க அதிக நேரமாகாது.

"மிஞ்சுவீங்க மாமா" என்றாள்.

அவர் நிம்மதியாக எழுந்து குளிக்கப் போனார். பை கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

கடைசி லாரி போன மறுநாள் கம்பெனி வாசலில் சங்கிலி தொங்கியது. மாமாவின் சொந்தக் கத்தி, பழைய துணியில் சுற்றியது, உள்ளே அவருடைய மேசையிலேயே கிடந்தது. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று காவலாளியிடம் வெகுநேரம் கேட்டார். விடவில்லை. அங்கிருந்து நேரே பை கம்பெனிக்கு நடந்தார். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று என்றார்கள்.

அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முன்பே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள். அக்கா கத்தவில்லை, அழவுமில்லை.

"தமிழ்ல சொல்ல பயமா இருந்திருந்தா, அந்த இங்கிலீஷ் வார்த்தையவே சொல்லியிருக்கலாமேடி. தெருவுல யாரையாவது கேட்டு நாங்க அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டிருப்போம்."

அந்த வாரமே தலைமை அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். அங்கே அவளுக்குத் தனி மேசை, கண்ணாடித் தடுப்பு, பெரிய பதவி. இப்போது புதிதாகத் தொடங்கும் இடங்களில் வளர்ச்சி, பெருக்கம், விரிவாக்கம் என்று பேச வேண்டியிருந்தது. வார்த்தைக்குப் பஞ்சமில்லை. மாமா சந்தையில் மூட்டை இறக்குகிறார் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாள்.

ஒரு விடுமுறை நாளில் துணிந்து வீட்டுக்குப் போனாள். மாமாதான் கதவைத் திறந்தார். தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

"வாங்க. உக்காருங்க."

தனக்குப் பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மாமா உள்ளே பார்த்து, "அவங்களுக்கு ஃபேன் போட்டு விடு" என்றார்.

"மாமா, நான்தான்."

"தெரியுதுங்க" என்றார்.

அக்கா வந்து ஃபேனைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் எழுந்து கிளம்பும்வரை மாமா உட்காரவே இல்லை.