ஒரே எண்ணுக்கு இரண்டு தொண்டை

இரண்டு சிவப்பு விளக்குகளும் ஒன்றாகவே எரிகின்றன, ஆறு மணிக்கு எழுந்து, பல் தேய்த்து, பால் காய்ச்சி, ஒரு தம்ளர் காபி கலந்து, பழக்கத்தில் இன்னொன்றும் கலந்து, இரண்டையும் நானே குடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தால் நாலு நாளாக இதுதான், பலகையில் சில்லுகளைப் பற்றவைத்து நானே செய்த கணினி, அதற்கு இரண்டு பழைய ஃபிளாப்பி டிரைவ்கள், முதலாவதைக் கூப்பிட்டால் ஒன்றும் அசையாது, இரண்டாவதைக் கூப்பிட்டால் இரண்டும் விளக்கேற்றிக்கொண்டு கரகரவென்று சுற்றும், ஒன்றின் பேச்சை மற்றது கெடுக்கும். தாரணி இருந்தபோது ஒரு டிரைவ்தான், அதில் அவள் ஒரு விளையாட்டு எழுதினாள், ஜிலேபி தின்னும் பாம்பு, அது சுவரில் முட்டினால் திரையில் ஆங்கில எழுத்தில் தோத்தாங்குளி என்று வரும், அவள் போய் எட்டு மாதம், அந்த ஃபிளாப்பி ஒன்றுதான் மிச்சம், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கொஞ்சம் தேய்கிறது, போன வாரம் மூன்றாவது முயற்சியில்தான் படித்தது, இரண்டாவது டிரைவ் வேலை செய்தால் நகல் எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் அந்தத் திட்டும் போய்விடும்.

நாற்பத்தேழு, என்கிறார் சண்முகவடிவேல் சார், மூன்றாம் ஆண்டு, மதிய வகுப்பு, அது தாரணியின் எண், அவள் சினிமாவுக்குப் போயிருக்கிறாள், எனக்கு அட்டெண்டன்ஸ் குடுத்துருடா என்று சொல்லிவிட்டுப் போனாள், நான் குரலை மெலிதாக்கி பிரசன்ட் சார் என்கிறேன், அதே நொடியில் கடைசி பெஞ்சிலிருந்து குணசீலனும் கீச்சென்று பிரசன்ட் சார் என்கிறான், சார் கண்ணாடியைக் கழற்றுகிறார், ஏப்பா, அந்தப் புள்ளைக்கு ரெண்டு தொண்டையா, வகுப்பு உருண்டு சிரிக்கிறது, மறுநாள் கேன்டீனில் கையில் பாதி பப்ஸோடு அவள், நீ மறந்துருவேன்னுதான் அவன்கிட்டயும் சொன்னேன், நீயும் கத்துவேன்னு யாருக்குடா தெரியும். சிரித்துவிட்டேன், மேசையில், தனியாக, சத்தமாக, சட்டென்று நிறுத்தினேன், ஒரே எண்ணுக்கு இரண்டு தொண்டை.

டிரைவ்களைக் கவிழ்த்தால் பக்கவாட்டில் ஒரு குட்டி சுவிட்ச், இரண்டிலும் ஒன்று என்ற எண்ணிலேயே இருக்கிறது, முதல் டிரைவுக்குப் பூஜ்யம், இரண்டாவதற்குத்தான் ஒன்று, கடையில் விற்கும் கணினிகளிலிருந்து கழற்றியவை, அங்கே எல்லா டிரைவுக்கும் ஒரே எண்தான், பட்டைக் கேபிளில் சில கம்பிகளை முறுக்கி வைத்து அதைக்கொண்டே பிரித்துவிடுவார்கள், நான் போட்டதோ முறுக்கில்லாத கேபிள். கண்ணாடி ஆணியில் அவள் வளையல் தொங்குகிறது, வளையலில் எப்போதும் கோத்திருக்கும் ஊக்கு, அதன் முனையால் ஒரு சுவிட்சைப் பூஜ்யத்துக்குத் தள்ளினேன்.

முதல் விளக்கு எரிந்தது, படித்தது, அணைந்தது, பிறகு இரண்டாவது எரிந்தது, எழுதியது, நடுவில் ஓரிடத்தில் முதலாவது திக்கியது, பின்வாங்கியது, மறுபடி படித்தது, மூச்சை விட்டேன், புது ஃபிளாப்பியிலிருந்து பாம்பு வந்தது, வேண்டுமென்றே சுவரில் முட்டினேன், தோத்தாங்குளி. அம்மா என்றுதான் கடைசியாகக் கூப்பிட்டாள் என்று அத்தை, அவளைப் பெற்றவர், எல்லோரிடமும் சொல்கிறார், சொல்லட்டும், நான் திருத்துவதில்லை, இன்னொரு நகல் எடுக்கிறேன், விளக்குகள் மாறி மாறி எரிகின்றன, ஒன்று பேசும்போது மற்றது கேட்கிறது, எட்டு மாதத்துக்கு முன், ஆபரேஷன் தியேட்டர் வாசல், இரண்டு நாளாகக் கழற்றாத சட்டையோடு ஸ்ட்ரெச்சர் மேல் குனிகிறேன், அவள் மூக்கைச் சுளிக்கிறாள், வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வாடா, நாறுது.