தூணில்லாத கூரை

கிழக்கு வெளுக்கும் முன்பே சித்தாள் மூன்றாம் மாடிக்கு எட்டு நடை செங்கல் சுமந்திருந்தாள். தோளில் தோல் உரிந்து காந்தியது. வலியைப் பார்த்தால் வீட்டில் உலை கொதிக்காது.

இறங்கி வந்தபோது வாசல் கூரையின் அடியில் முதலாளி நின்றிருந்தார்.

வரைபடத்தில் அந்தக் கூரையின் நுனிக்கு இரண்டு தூண்கள் உண்டு. எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று முதலாளி அவற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டார். இப்போது கூரை சுவரை மட்டும் நம்பிப் பத்தடி வெளியே நீண்டிருந்தது. தூணை எடுத்த மகராசனுக்கு, வேலை முறையும் மாற வேண்டுமென்று தோன்றவில்லை.

போன மாதம் பக்கத்துக் கட்டடத்திலும் இதே கூரைதான். அங்கேயும் முதலாளி அவசரப்படுத்தினார். பழக்க தோஷத்தில், கூரையைத் தாங்கி நின்ற முட்டுக்கம்புகளில் சுவரோரத்தில் இருந்தவற்றை முதலில் உருவினார்கள். இந்த மாதிரிக் கூரைக்குக் கான்கிரீட் நன்றாக இறுகிய பிறகு, நுனியிலிருந்துதான் உருவ வேண்டும். விழும்வரை அதை யாரும் சொல்லவில்லை. முதல் முட்டுக்கம்பை உருவியது அவள் கை. கூரை முறிந்து அவள் புருஷன் மேல் விழுந்தது. ஒரு கால் போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அந்தக் கையை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

"இன்னிக்கே முட்டெல்லாம் கழட்டுங்க. அடுத்த சைட்டுக்கு வேணும்" என்றார் முதலாளி.

"கான்கிரீட் போட்டு எட்டு நாள்தாங்க ஆச்சு" என்று மேஸ்திரி இழுத்தார்.

"எனக்கே பாடம் எடுக்கறியா? முடியாதுன்னா கேட்டுக்கு வெளியே நூறு பேர் நிக்கறான்."

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் சுத்தியலை நீட்டினார். அவள் வாங்கினாள். முட்டருகே போய், சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு, முட்டுக்கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்தெட்டு நாள் ஆகட்டும். நுனியிலேருந்து நானே கழட்டித் தர்றேன்."

"கல்லு சுமக்கறவ நீ. உனக்கென்ன தெரியும்?"

"தெரியாமதான் என் புருஷன் காலை வாங்கினேன். இப்ப தெரியும்."

கம்பி கட்டுகிறவர் எழுந்து வந்து அடுத்த முட்டுக்கம்பைப் பிடித்தார். "எனக்கும் ரெண்டே காலுதாங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆளுக்கொரு முட்டாகப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். சற்று நேரத்தில் கேட்டருகே போலீஸ் ஜீப் வந்து நின்றது.

பதினாறு முட்டுகள், பதினைந்து பேர். மேஸ்திரி கேட்டைப் பார்த்தார். ஆளில்லாத முட்டுக்கம்பைப் பார்த்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.