துஷ்டி வீட்டில் அடித்த ஹாரன்

மாமனார் மாலையோடு பந்தலுக்குள் நுழைந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கார் பாட ஆரம்பித்தது. தாடிக்கொம்பில் அவருடைய பெரியப்பா மகன் இறந்த வீடு அது. உள்ளே பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். வெளியே, பூட்டி நிறுத்திய கார் ஆளே இல்லாமல் கல்யாண மேளம் மாதிரி ஹாரன் அடிக்கிறது. மண்டை பிளக்கிற வெயிலில் வைப்பர் இரண்டும் ஆடுகின்றன. ஓடிப்போய்ச் சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்தேன், நிற்கவில்லை. பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது.

அந்த மியூசிக் ஹாரனை மாட்டியவன் நான்தான். போன மாதம், நானே ஒயர் இழுத்து, நானே டேப் ஒட்டி மாட்டினேன்.

என் பெயர் முகேஷ்குமார். சொந்த ஊர் கன்னிவாடி. தமிழ்மதியைக் கட்டிய பிறகு, வீட்டோடு மாப்பிள்ளையாக மாமனார் சோலைமலையிடம் வந்து சேர்ந்தேன். அவருக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகை. தினமும் காலையில் பறிக்கிற பூவைத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு அந்தக் காரில் கொண்டு சேர்ப்பதுதான் என் வேலை. வீட்டோடு மாப்பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை இருந்தால்தான் மரியாதை. இல்லாவிட்டால் தட்டில் விழுகிற சோறுகூட ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்ததும் மாமனார் வாசலிலேயே நின்று சத்தம் போட்டார்.

“எழவு வீட்டுல பாட்டுப் போட்ட குடும்பம்னுல்ல நம்மளப் பேசுவாய்ங்க! நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிய வெட்டி ஒட்டி நாசம் பண்ணியாச்சு. ஒயரிங் கடை ஹாமித் பாய் பாக்கட்டும். அந்த ஒயராலதான்னு அவரு சொல்லிட்டாருன்னா, அந்தாளு இனி என் வண்டில ஏறக் கூடாது. பூவுக்கு வேற டிரைவர வச்சுக்கிறேன்.”

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. என் பக்கத்தில் நின்ற தமிழ்மதியிடம் சொன்னார். ‘மாப்ள, மாப்ள’ என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனிதர், அன்றிலிருந்து என்னை ‘அந்தாளு’ ஆக்கிவிட்டார். “அந்தாளச் சாப்பிட வரச் சொல்லு.” “அந்தாளு துண்டு கொடியில காயுது, எடுக்கச் சொல்லு.” எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கன்னிவாடிக்கே பஸ் ஏறியிருப்பேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டிருந்தது. ஹாரன் மாட்டிய அன்று டேப் தீர்ந்துபோய், கடைசி ஜாயிண்டை அரைகுறையாகச் சுற்றி விட்டிருந்தேன். இதைத் தமிழ்மதியிடம்கூட நான் சொல்லவில்லை.

மறுநாள் நான் தாடிக்கொம்பு போய், காரை ஒரு டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனேன். ஹாமித் பாய்க்கு பேகம்பூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“ஏன் தம்பி, மூஞ்சி இம்புட்டுத் தொங்குது? வண்டிக்குத்தான சீக்கு?”

டேப் விஷயம் உட்பட எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் என் ஹாரனை ஒயரோடு முழுசாகக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு பேட்டரியை மாட்டினார். வைப்பர் மறுபடி ஆட ஆரம்பித்தது. கதவுப் பூட்டு டக் டக்கென்று ஏறி இறங்கியது.

“ஒன் சாமானெல்லாம் வெளிய வந்தாச்சு. இன்னும் ஆடுது பாரு.”

எனக்குப் பாதி உயிர் திரும்பியது. “அப்ப நான் காரணம் இல்லல்ல பாய்?”

“செத்த பொறு அப்பு. ஒன் ஒயரு ஷார்ட்டாகி உள்ள எதையாச்சும் எரிச்சிருந்தா?”

வந்த பாதி உயிரும் போய்விட்டது.

ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். இன்ஜின் பதில் சொன்னது, பிரேக் பதில் சொன்னது, ஒன்று மட்டும் வாயே திறக்கவில்லை. “பாடி கண்ட்ரோல் மாட்யூல். லைட்டு, வைப்பரு, ஹாரனு, கதவுப் பூட்டு அம்புட்டுக்கும் இந்தப் பெட்டிதான் மேஸ்திரி. மேஸ்திரிக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு” என்றார். ஆனாலும் உடனே பெட்டியைக் குறை சொல்லிவிடவில்லை. ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெட்டிக்குக் கரண்ட் வருகிறதா, எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. பெட்டிதான் போயிருந்தது.

அதன் நம்பரைப் படம் எடுத்து மதுரைக்குப் போன் செய்தார். புதியது வர இரண்டு நாள் ஆகுமாம். சும்மா சும்மா கழற்றினால் கிளிப் உடைந்துவிடும், புதியதை மாட்டும்போதே பழையதைப் பிரித்து ஏன் போனது என்று பார்க்கலாம் என்றார்.

“வாரப்ப ரெண்டு சாவியும் கொண்டா. புதுப் பெட்டிக்குச் சாவிய அடையாளம் காட்டணும். விட்டுப்போன சாவியில வண்டி ஸ்டார்ட் ஆகாது.”

இரண்டாவது சாவி மாமனாரின் அரைஞாண் கயிற்றில் கிடந்தது. அதை ‘அந்தாளு’ கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மூன்றாம் நாள் அவரே கிளம்பி வந்தார். ஒரே பஸ்ஸில்தான் போனோம். அவர் முன் சீட்டில், நான் கடைசிச் சீட்டில்.

ஹாமித் பாய் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இடது சீட்டுக்கு முன்னால் குனிந்து, கால் வைக்கிற ஓரத்துத் தட்டைப் பிரித்துப் பெட்டியை வெளியே எடுத்தார். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி மூடியைத் திறந்தார். மூன்று பேரும் குனிந்தோம்.

முதலில் வந்தது வாசம். மல்லிகை வாசம்! உள்ளே பின்களெல்லாம் பச்சைப் பசேலென்று களிம்பேறிக் கிடந்தன. மூலையில், காய்ந்து பழுப்பேறிய மொட்டு இரண்டு.

ஹாமித் பாய் ஒரு மொட்டை விரல் நுனியில் எடுத்தார். “இந்தப் பக்கம் பூ வைக்கிறது யாரு?”

மூட்டையெல்லாம் பின்னால்தான் போகும். நல்ல மொட்டாகப் பொறுக்கி ஈரத்துணியில் கட்டி, டேஷ்போர்டின் இடது ஓரத்தில் ஏசிக் காற்று படுகிற மாதிரி வைப்பவர் ஒரே ஆள்தான். அப்படி வைத்தால் மொட்டு விரியாதாம். அவரே கண்டுபிடித்த யோசனை என்று மார்க்கெட் முழுக்கப் பெருமை அடித்துக்கொள்வார்.

“நாந்தான் பாய்” என்றார் மாமனார். குரல் உள்ளே போயிருந்தது.

“மேல வச்ச பூவோட தண்ணி டேஷ்போர்டு இடுக்கு வழியா நேரா இதுக்குள்ளதான் எறங்கிருக்கு. நாலு வருசமா தெனமும் தண்ணி விட்டு வளத்திருக்கீங்கண்ணே. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பூத்திருக்கும்.”

“அப்ப அந்த ஒயரு...?”

“தம்பி சுமாராத்தான் ஒட்டிருக்காரு. ஆனா ஷார்ட்டெல்லாம் இல்ல. பெட்டி போனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அப்பாடா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மாமனார் முன்னால் எதைச் செய்தாலும் தப்பாகிவிடும் என்று வெளியே போய் ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தேன். மூன்று நாளில் அன்றைக்குத்தான் தண்ணீர் தொண்டையில் ஒழுங்காக இறங்கியது.

புதுப் பெட்டி உள்ளே போனது. பேட்டரி மாட்டினார், ஸ்கேனரை வைத்தார், என் சாவியை அடையாளம் காட்டினார். பிறகு கையை நீட்டினார். மாமனார் வேட்டியைத் தளர்த்தி, அரைஞாண் கயிற்றிலிருந்து அந்தச் சாவியை முடிச்சவிழ்த்துக் கொடுத்தார். இரண்டிலும் வண்டி முதல் திருகலிலேயே கிளம்பியது. வைப்பர் சாதுவாகப் படுத்துக் கிடந்தது.

“மியூசிக் ஹாரன மாட்டிரவா?” என்றார் ஹாமித் பாய்.

“வேணாம்!” நானும் மாமனாரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் தன் சாவியைத் திரும்ப அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் அவர் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மூட்டைகளை ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். மாமனார் ஈரத்துணி மூட்டையோடு வந்து முன் கதவைத் திறந்தார். பழக்கத்தில் கை டேஷ்போர்டுக்குப் போனது. பாதியில் நின்றது. திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

“மாப்ள... இத எங்க வைக்கட்டும்?”

“ஒங்க மடியில வச்சுக்கங்க மாமா” என்றேன்.

ஏறி உட்கார்ந்து மடியிலேயே வைத்துக்கொண்டார். மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் வேட்டி தொப்பலாக நனைந்துவிட்டது. அப்போதும் மனுஷர் மூட்டையை மடியிலிருந்து இறக்கவில்லை.