உள்ளே விட்ட துணி

மூன்று மணிக்கே வேலையிலிருந்து திரும்பிய கணவர், வந்ததும் வராததுமாக உடை மாற்றி, கழற்றிய பேன்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பி அவளுடைய தையல் மெஷின் மேல் விரித்துவைத்தார். இடுப்புப் பட்டியின் பின்பக்கம், நடுத் தையலை ஒட்டி, பழைய ஊசித் துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. நூலைப் பிரித்துவிடலாம்; துளையை மறைக்க எந்த டெய்லராலும் முடியாது. வசமாக மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை கிலோ ஏறினால் எந்த லிஃப்ட் கத்தும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் எடை மட்டும் தெரியாது. ஒல்லி உடம்புக்காகக் கூட்டாளிகள் வைத்த பெயர் கம்பி. போன வருஷம் அவருக்கு மனசு சரியில்லாமல் போய், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் தேறிவந்தார். கூடவே தொப்பையும் வந்தது. கம்பி உருளையாகிவிட்டது என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். அந்த மாத்திரை அப்படித்தான் உடம்பு போட வைக்கும் என்று மருந்துக்கடைக்காரர் போகிற போக்கில் சொல்லிவைத்தார். அன்றைக்கே இவர் யாரையும் கேட்காமல் அட்டையோடு குப்பையில் போட்டார். மூன்று வாரம் கழித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தவர், நாற்பது நாள் திரும்பவில்லை. குளியல் இல்லை, பேச்சு இல்லை, சோறு பாதி நாள் இல்லை. பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டே, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவர் முதுகு ஏறி இறங்குகிறதா என்று திரும்பிப் பார்ப்பாள். அப்படிக் கழிந்த நாற்பது நாள்.

மறுபடி மாத்திரை ஆரம்பித்து, அவர் குளியலறையில் பாட்டை முணுமுணுத்த முதல் நாளே அவள் முடிவு செய்துவிட்டாள். இடுப்பு ஏறுவது இந்த மனிதருக்குத் தெரியவே கூடாது. பேன்ட் பிடித்தால்தானே தெரியும்? தானே தைத்த பேன்ட்கள். உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தாள். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து அரை இஞ்ச் பிரித்துவிடுவாள். சட்டைப் பொத்தானைத் தள்ளித் தைப்பாள். பெல்ட் காட்டிக்கொடுத்துவிடுமே என்று, துளையே இல்லாமல் இழுத்து மாட்டுகிற ஒன்றை வாங்கிவந்தாள். தட்டில் சோற்றைக் குறைத்தும் பார்த்தாள். மனிதர் பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போனதுதான் மிச்சம். ஆறு மாதம் இப்படியே ஓடியது. போன வாரம் பிரிக்க உட்கார்ந்தபோது பேன்ட்டில் துணி தீர்ந்திருந்தது.

இன்றைக்குக் கம்பெனியில் புதுச் சீருடைக்கு அளவெடுத்திருக்கிறார்கள். முப்பத்தேழு என்றிருக்கிறான் அளவெடுக்க வந்தவன். முப்பத்திநாலு என்று இவர் சண்டை போட்டிருக்கிறார், வீட்டுக்காரி டெய்லர் என்று பெருமை வேறு. அவன் சிரித்துக்கொண்டே இடுப்புப் பட்டியைப் புரட்டி, ஆறு பேர் பார்க்கத் துளை வரிசைகளை எண்ணிக் காட்டியிருக்கிறான்.

“எல்லார் முன்னாடியும் முட்டாள் மாதிரி நின்னேன்,” என்றார். குரல் உயரவில்லை. “எதுக்கு இப்படிப் பண்ணினே?”

சமாளிக்க ஆயிரம் பொய் கைவசம் இருந்தும் அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். “தெரிஞ்சா மாத்திரைய நிறுத்திருவீங்கன்னு பயம்ங்க. உங்க இடுப்பு எவ்வளவு வேணா ஏறட்டும். மறுபடி நீங்க அந்தச் சுவரப் பாத்துப் படுத்தா என்னால தாங்க முடியாது.”

ராத்திரி சாப்பிட்டுவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தவர், ஒன்றும் விழுங்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

காலையில், டாக்டரிடம் போகலாம், நீயும் வா என்றார். பேன்ட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். தன்மேல் புகார் சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

எடை எப்போதிலிருந்து ஏறுகிறது என்று டாக்டரம்மா கேட்டதும், அவர் பேன்ட்டை மேஜையில் விரித்தார். “எனக்குத் தெரியாது டாக்டர். இவளக் கேளுங்க. இவதான் சரியா சொல்லுவா.”

அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தொழில் விட்டுக்கொடுக்குமா? துளை வரிசை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். இது மார்ச், இது ஏப்ரல் கடைசி, ஜூனில் மட்டும் இரண்டு, பிறகு ஜூலை, ஆகஸ்ட். ஜூனில் மட்டும் ஏன் அப்படி என்று கேட்ட டாக்டரம்மா தானே சீட்டைப் புரட்டிப் பார்த்தார். மே மாதம் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். அதன் பிறகு அவர் பேச்சில் அவசரம் போய்விட்டது. பசியைக் கிளப்புவதும் மாத்திரைதான், தின்கிற ஆள்மேல் பழி போடக்கூடாது என்றார். திடீரென்று மட்டும் நிறுத்தவே கூடாதாம். இரத்தம் பரிசோதிக்கலாம், அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் வேறு மாத்திரை. தினம் நடை, நேரத்துக்குச் சாப்பாடு, வாரம் ஒருமுறை எடை. குறைக்கும்போது மனசு சுணங்கினால் உடனே வந்துவிட வேண்டும். எடை இறங்குமா என்று கணவர் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் கணவர் குழாயடியில் நின்றார். பையிலிருந்து அட்டையை எடுத்து, நேற்றைக்கு விட்டதை நேற்றோடு விட்டுவிட்டு, டாக்டரம்மா சொன்னபடி இன்றைக்கு உள்ளதை மட்டும் விழுங்கினார். பிறகு போனில் அளவெடுப்பவனைக் கூப்பிட்டார்.

“நேத்து சண்டை போட்டேனே, நான்தான். முப்பத்தேழுன்னே போட்டுக்குங்க.” ஒரு கணம் அவள் பக்கம் பார்த்தார். “உள்ள கொஞ்சம் தாராளமா துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்க.”

அவள் முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை, போகலாம் என்று டிரைவருக்குக் கை காட்டிவிட்டு வெயிலில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். ஓட்டமும் நடையுமாக அவள் பின்னால் போனாள். முதல் தெருவிளக்குக் கம்பத்துக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. நின்று, இடுப்பில் கைவைத்து, திரும்பி, அவள் வந்துசேரக் காத்திருந்தார்.